பெலட் அடுப்பும் மிளகாய் வறுத்த சனிக்கிழமையும்

பெலட் அடுப்பை வீட்டுக்குக் கொண்டுவந்தது நான்தான். கொலோன் நகரத்தின் ஓரத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், நானும் அப்பாவும் அம்மாவும் இருக்கிறோம். எரிவாயுக் கட்டணம் ஏறிய பிறகு இரண்டு குளிர்காலம் அம்மா கம்பளிக் காலுறைமேல் காலுறை போட்டுக்கொண்டு சமைத்தார். ஆனாலும் வீட்டைச் சூடாக்க ஒரு அடுப்பு என்றதும் மறுத்துவிட்டார்.

"வீட்டுக்குள்ள நெருப்பை வைச்சுக்கொண்டு ஆர் நித்திரை கொள்ளுறது?"

மூன்று வாரம் விளங்கப்படுத்தினேன். மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னச் சின்னத் துண்டுகள்தான் பெலட். மேலே தொட்டியில் கொட்டிவிட்டால் அடுப்பே வேண்டியதை எடுத்து எரிக்கும், அணைக்கச் சொன்னால் அணையும். கடைசியில் அப்பாதான் முடித்துவைத்தார். "அவன் படிச்சவன். தெரியாமலோ சொல்லுவான்?"

அப்பா மூன்றாம் வகுப்போடு கடலுக்குப் போனவர். அம்மா, தன் தம்பி பிறந்ததும் பள்ளிக்கூடத்தை விட்டவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஒன்பது வயதிலிருந்து வீட்டுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களை வாசித்துச் சொல்வதும் நான்தான். வாசிப்பேன் என்றால், வெட்டி வாசிப்பேன். அப்பா அம்மாவின் முகம் வாடக்கூடிய இடங்களை விட்டுவிட்டு மிச்சத்தைச் சொல்வேன். பன்னிரண்டு வயதில், பக்கத்து வீட்டுக்காரி எங்கள் சமையல் மணத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். "சமைக்கேக்க ஜன்னலைப் பூட்டட்டாம்," என்றேன். அவ்வளவுதான். அன்றிலிருந்து அம்மா மிளகாய் வறுக்கும்போது வீட்டில் ஒரு ஜன்னலும் திறக்காது. சமையல் அடுப்புக்கு மேலே உள்ள புகை உறிஞ்சும் விசிறி முழு வேகத்தில் ஓடும். நடையில் உள்ள புகை எச்சரிக்கை மணிக்கு அப்பா ஒரு குளியல் தொப்பியை மாட்டிவிடுவார்.

பெலட் அடுப்பைச் சமையலறை மூலையில் பொருத்தி முடிந்ததும், எரிக்கும் முன்னர் பார்க்க வேண்டிய புகைபோக்கிப் பரிசோதகர் வந்தார். இந்த நாட்டில் அவர் கையெழுத்துப் போடாமல் அடுப்பு மூட்டக் கூடாது. குழாயைப் பார்த்தார், அடுப்புக் கதவின் ஓரத்தில் புகை கசியாமல் ஒட்டிய நாடாவை விரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு சமையலறை விசிறியைக் கண்டு நின்றார். நீளமாகப் பேசினார். அடுப்பு இந்த அறைக் காற்றை எடுத்துத்தான் எரிகிறது. ஜன்னல்கள் பூட்டியிருக்க விசிறி காற்றை வெளியே தள்ளினால், புகைபோக்கிக்குள் போக வேண்டிய புகையை அது அறைக்குள் இழுக்கும். அதில் காபன் மொனொக்சைட் இருக்கும். மணம் இல்லை, நிறம் இல்லை. முதலில் தலை வலிக்கும், பிறகு நித்திரை வரும், பிறகு எழும்ப மாட்டார்கள். ஜன்னல் திறந்தால் மட்டும் விசிறி ஓடும்படி ஒரு சுவிட்ச் பொருத்த வேண்டும். அதுவரைக்கும் விசிறியைத் தொடக் கூடாது. சொல்லிவிட்டு அவரே அதன் பிளக்கைக் கழற்றித் தொங்கவிட்டார்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

அம்மா அடுப்பைப் பார்த்தபடி நின்றார். நஞ்சு என்று சொன்னால் அடுப்பு அன்றைக்கே திரும்பிப் போகும்.

"கொஞ்ச நாளைக்கு விசிறி போட வேண்டாமாம். ஒரு சின்னச் சாமான் பூட்ட வேணுமாம்."

பரிசோதகர் என்னைப் பார்த்தார். "எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்களா?" என்று ஜெர்மனில் கேட்டார். ஆம் என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார். அவர் சொன்ன நச்சுவாயு எச்சரிக்கை மணியை அன்று பின்னேரமே வாங்கி அடுப்புப் பக்கச் சுவரில் மாட்டினேன். சுவிட்சை வாற கிழமை, வாற கிழமை என்று தள்ளினேன்.

மூன்றாவது சனிக்கிழமை காலை பெலட் மூட்டை வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். அப்பாவின் அழைப்பு வந்தது.

"தம்பி, நீ மாட்டின மணியை எப்பிடி நிப்பாட்டுறது? தொப்பி போட்டும் கத்துது."

"எந்த மணி அப்பா? நடையில இருக்கிறதோ?"

"இல்லையடா, அடுப்படியில இருக்கிற புதுசு. அம்மா மிளகாய் வறுக்கிறா, அதுதான்."

என் கையில் இருந்த மூட்டை நழுவியது. "விசிறி ஓடுதோ?"

"பின்னை? விசிறி இல்லாம மிளகாய் வறுக்க ஏலுமோ? கொஞ்ச நாளைக்கு எண்டுதானே சொன்னனீ, அதுதான் பிளக்கைக் கொழுவிவிட்டனான்."

"அடுப்பும் எரியுதோ?"

"காலமையில இருந்து எரியுது."

"அம்மா எங்க?"

"தலையிடிக்குது எண்டு கதிரையில சாஞ்சிருக்கிறா."

"அப்பா, அம்மாவை எழுப்பி வெளியில கூட்டிக்கொண்டு போங்கோ. இப்பவே."

"இந்தக் குளிருக்கையோ? சட்டி அடுப்பில—"

"சட்டி கிடக்கட்டும்! கதவைத் திறந்து போட்டிட்டு வெளியில போங்கோ!"

"கதவைத் திறந்தா மணம் போகும். பக்கத்து வீட்டு மனிசி நிக்கிறா."

"அது நஞ்சு அப்பா! புகை இல்லை, நஞ்சு! அம்மா செத்துப்போவா!"

மறுமுனையில் கதிரை இழுபடும் சத்தம். "எழும்பப்பா, எழும்பு," என்று அம்மாவிடம் சொல்லும் அப்பாவின் குரல். பிறகு தொலைபேசி எங்கோ விழுந்தது. தீயணைப்புப் படைக்கு அழைத்து முகவரி சொன்னபோது எங்கள் வீட்டு இலக்கம் நினைவுக்கு வர மறுத்தது. இரண்டு தரம் பிழையாகச் சொன்னேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தெருவில் சிவப்பு வண்டி நின்றது. அம்மா பக்கத்து வீட்டுக்காரியின் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, முகத்தில் ஒட்சிசன் மூடியோடு அம்புலன்சில் இருந்தார். கண் திறந்திருந்தது. வாயு அளக்கும் கருவியோடு உள்ளே போன தீயணைப்பு வீரர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மிளகாய்ப் புகையில் இருமிக்கொண்டே வந்தார். "உள்ளே இருந்த இரண்டு வாயுவில் எது மோசம் என்று தெரியவில்லை," என்றார். அம்மா மூடியை விலக்கி, "மிளகாய் கருகிப்போட்டுதோ எண்டு கேள்," என்றார்.

பின்னேரமே ஆஸ்பத்திரியிலிருந்து விட்டுவிட்டார்கள். இன்னும் அரை மணித்தியாலம் இருந்திருந்தால் என்று மருத்துவர் தொடங்கிய வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை.

திங்கட்கிழமை பரிசோதகர் வந்தார். சுவிட்ச் பூட்டும்வரை அடுப்பு எரியக் கூடாது என்று எழுதி ஒட்டினார். பிறகு முதல் முறை சொன்னதையே மறுபடி சொன்னார். இந்த முறை ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அவரை நிறுத்தி, அப்படியே தமிழில் சொன்னேன். தலை வலிப்பதை, நித்திரையை, எழும்பாததை. அவர் போன பிறகு அப்பா கேட்டார்.

"முதல் வந்தபோதும் இவர் இதைத்தானோ சொன்னவர்?"

"ஓம் அப்பா."

"முழுக்க?"

"முழுக்க."

அப்பா அடிப்பார், கத்துவார் என்று நினைத்தேன். அவர் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே நின்றார். அம்மாதான் கதிரையை இழுத்து என் முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"இவ்வளவு காலமும் வேற என்னென்னத்தை விட்டனீ?" என்றார். "ஒண்டும் விடாமச் சொல்லு."

பக்கத்து வீட்டுக்காரியின் கடிதத்திலிருந்து தொடங்கினேன்.