தீர்த்தன் மாமா வைத்த விஷம்

சித்தேரி மலையில் மாட்டுப்பட்டி வைத்திருந்த தீர்த்தன் எனக்குத் தாய்மாமன். ஊரில் அவரை ரோஷக்காரர் என்பார்கள். ரோஷமாவது மண்ணாவது! வீம்பு, வெறும் வீம்பு. அந்த வீம்பு என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் போகிறேன். சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கோடையில் கீழ்நாட்டில் புல் கருகிவிடும். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்துக் குடியானவர்கள் தங்கள் மாடுகளை மலைக்கு ஓட்டிவந்து மாமாவின் பட்டியில் விடுவார்கள். மழை விழுந்ததும் வந்து பிடித்துப் போவார்கள். மானாவாரிக் கொல்லை ஒன்றை உழுது பிழைத்த ராமக்காள் என்ற விதவையும் தன் உழவு மாடு இரண்டையும் வருஷா வருஷம் கொண்டுவந்து விடுவாள்.

"இந்தச் சோடி இல்லன்னா எனக்குக் கொல்லையும் இல்லீங்க, கவுண்டரே" என்பாள்.

"எம் பட்டியில மாடு கொறைஞ்சா எம் மீசைய எடுத்துடும்மா" என்பார் மாமா.

முப்பத்தெட்டாம் வருஷம் பட்டியில் ஒரு கன்றைச் சிறுத்தை அடித்துவிட்டது. 'மீசை எப்போ?' என்று யாரோ கீழ்நாட்டான் சிரித்தானாம். அவ்வளவுதான், மாமாவுக்கு வீம்பு தலைக்கு ஏறிவிட்டது. சிறுத்தை மறுபடி தின்ன வரும் என்று, விஷமான எட்டிக்கொட்டையை இடித்து, மிச்சம் கிடந்த கன்றின் உடம்பைக் கீறித் திணித்தார்.

"வாணாங்க. நெருப்பு மூட்டி வச்சா அது பக்கத்துல வராது" என்று மாமாவின் பெண்சாதி சின்னக்கா அத்தை தடுத்துப் பார்த்தாள். கேட்பாரா?

சிறுத்தை வரவில்லை. வந்தவை கழுகுகள். காலையில் போய்ப் பார்த்தால், கன்றைச் சுற்றிலும் இறக்கையை விரித்துக்கொண்டு செத்துக் கிடந்தன. ஒன்று மட்டும் உயிர் போகாமல் கழுத்தை இழுத்துக்கொண்டிருந்தது. மாமா அதைக் கொம்பால் அடித்து முடித்துவிட்டு, எல்லாவற்றையும் பள்ளத்தில் தள்ளினார்.

"கழுகுதான, போனாப் போவுது" என்றார்.

அதோடு விட்டாரா? இல்லை. சிறுத்தை எதை அடித்தாலும் அதில் எட்டிக்கொட்டை வைத்தார். அந்தக் கோடை முடிவதற்குள் எங்கள் மலையில் கழுகே இல்லாமல் போயிற்று. சிறுத்தை தன் பாட்டுக்கு வேறு மலைக்குப் போய்விட்டது.

எங்கள் மலையில் செத்த மாட்டைப் புதைக்கும் வழக்கம் கிடையாது. ஓடைக்கு மேலே ஒரு பாறை உண்டு; அங்கே இழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவோம். பொழுது சாய்வதற்குள் கழுகுகள் எலும்பாக்கிவிடும். அடுத்த கோடையில் பட்டிக்கு, செத்த மாட்டிலிருந்து பரவும் அடைப்பான் நோய் வந்தது. செத்த முதல் மாட்டை வழக்கம்போலப் பாறையில் போட்டார்கள். எந்தக் கழுகு வரும்? மாடு ஊதி, வெடித்து, அழுகிக் கிடந்தது. அதன்மேல் கோடை மழை கொட்டி, எல்லாம் ஓடையில் இறங்கிற்று. பட்டி முழுக்கத் தண்ணீர் குடிப்பது அந்த ஓடையில்தான். அதற்கப்புறம் மாடுகள் வரிசையாக விழுந்தன. ராமக்காளின் ஜோடியும் விழுந்தது.

மாமா மீசையை வழித்துவிட்டு, இரண்டு மூக்கணாங்கயிறுகளையும் எடுத்துக்கொண்டு மலையிறங்கினார். ராமக்காள் கயிற்றைப் பார்த்ததும் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு அவளே அவரைத் தேற்றினாள்.

"நோவு வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? உங்க மேல என்னங்க குத்தம்?"

அந்தப் பேச்சோடு எழுந்து வந்திருக்கலாம். மாமாவால் முடியவில்லை. விஷம் வைத்ததிலிருந்து ஓடை வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். ராமக்காள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"சிறுத்த கன்னுக்குட்டிய அடிச்சுது, சரி. அந்தக் கழுகுங்க உங்கள என்ன பண்ணுச்சு?"

மாமா கயிறுகளைத் திண்ணையில் வைத்துவிட்டு மலையேறினார்.

மழை பிடித்ததும் மாமா மண்வெட்டியோடு போய் அவள் கொல்லையைக் கொத்த ஆரம்பித்தார். ஏர் ஓட வேண்டிய நிலத்தை ஒரு மனுஷன் கொத்தினால் எப்போது முடியும்? ராமக்காள் வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. வருஷா வருஷம் போனார். ஜெர்மன்காரன் சண்டை முடிகிற சமயத்தில், காரிமங்கலம் சந்தையில் அவள் வேறு ஜோடி பிடித்துவிட்டாள். அந்த வருஷமும் மாமா மண்வெட்டியோடு போய் நின்றார்.

"மாடு வந்துடுச்சுங்களே, கவுண்டரே. இனிமேட்டு எதுக்கு? உங்க கடன் தீந்துச்சு, போங்க" என்றாள்.

"உம் மாட்டுக்குச் சோடி சந்தையில கெடைச்சுதும்மா. நான் கொன்ன கழுகுங்கள எந்தச் சந்தையில போயிப் புடிக்கிறது?" என்றார் மாமா.

ராமக்காள் ஏரைப் பூட்டினாள். ஏர் எட்டாத வரப்பு மூலையில் மாமா கொத்திக்கொண்டிருந்தார்.