பருப்புக் கட்டத்தில் போட்ட டிக்

ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகிறது. ஓசூரில் மகள் வீட்டு பால்கனியில் காபியோடு உட்கார்ந்திருக்கும்போது ஆறரை மணி தளி பஸ்ஸின் ஹாரன் கேட்டால், கை தன்னால் பையைத் தேடுகிறது. எடை மெஷின், கைச்சுற்றளவு டேப், ஃபாரம் கட்டு, தளி குளிருக்கு ஒரு ஸ்வெட்டர், எல்லாம் அந்தப் பையில்தான் இருக்கும். தோள் போகிறது என்று தினமும் புலம்பியவள் நான். இப்போது பை இல்லாமல் வெளியே போனால் எதையோ மறந்துவிட்ட மாதிரி இருக்கிறது.

நான் பார்த்த ஊட்டச்சத்து ஆலோசகர் வேலைக்குப் புதிதாக வந்த பெண்கள் இரண்டு பேர் போன வாரம் வந்திருந்தார்கள். "மேடம், உங்க சக்சஸ் ஸ்டோரி ஒண்ணு எழுதிக் குடுங்க" என்றார்கள். சக்சஸ் ஸ்டோரியெல்லாம் வருடாந்திர ரிப்போர்ட்டில் போட்டோவோடு இருக்கிறது. நான் ரிப்போர்ட்டில் எழுதாததை எழுதித் தருகிறேன்.

1. சிவப்பு

எங்கள் திட்டம் எளிமையானது. எடை குறைந்த குழந்தைகளுக்கு அந்த மண்ணில் விளைவதைக் கொண்டே உணவு கொடுக்க வேண்டும். ராகி, கொள்ளு, அவரை, வேர்க்கடலை, கீரை, முட்டை. கடையில் விற்கிற டப்பா மாவைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் நான் சண்டைக்குப் போய்விடுவேன். கும்பகோணத்துக்காரி, ராகிக் களியை எப்படி முழுங்குவது என்றே இங்கு வந்துதான் கற்றுக்கொண்டேன். ஆனால் இரண்டே வருடத்தில் ராகியைக் கண்டுபிடித்ததே நான்தான் என்கிற மாதிரி பேச ஆரம்பித்துவிட்டேன்.

தளிக்கு மேலே ஒரு சின்ன ஊர். அங்கன்வாடியில் சரோஜா டீச்சர். அவர் தாய்மொழி தெலுங்கு, ஊர் பேசுவது கன்னடம், என்னோடு பேசுவது தமிழ். மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டு மிரட்டுவார். மாதம் ஒரு நாள் அங்கே எடை போடுவோம்.

பவித்ராவுக்கு அப்போது பதினாறு மாதம். அம்மா மஞ்சுளா ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூரைத் தோட்டத்தில், பாலிஹவுஸில், பூ வெட்டும் வேலைக்குப் போகிறவள். அப்பாவுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. மூன்று மாதமாகக் குழந்தை எடை ஏறவில்லை. அந்த மாதம் டேப்பைக் கையில் சுற்றினேன். போன மாதம் மஞ்சள் பட்டையில் நின்ற அளவு சிவப்புப் பட்டைக்குப் போயிருந்தது. சிவப்பு என்றால் கடுமையான மெலிவு. நாங்கள் விளையாடுகிற விஷயம் இல்லை.

அன்றே டாக்டரிடம் காட்டினோம். காய்ச்சல் இல்லை, வீக்கம் இல்லை, பசி இருக்கிறது. டாக்டர் சொன்னார்: "ரெண்டு வாரம் வீட்ல வெச்சே பாருங்க. வெயிட் ஏறலைன்னா வார்டுல அட்மிட் பண்ணிடணும். அம்மா கூடவே இருக்கணும்."

மஞ்சுளா வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், இப்ப சீசனு. நாலு நாள் போகலைன்னாலே சூப்பர்வைசர் வேற ஆளை வெச்சிருவாரு. அப்புறம் கூப்பிட மாட்டாங்க மேடம்."

நான் ஃபாரத்தை விரித்தேன். மூன்று மாதமும் பருப்பு வகை என்ற கட்டத்தில் 'தினமும்' என்று டிக் போட்டிருந்தது. என் கையால் போட்டதுதான். ஒவ்வொரு மாதமும் நான் கேட்பேன், "கொள்ளு குடுக்கறியா?" அவள் சொல்வாள், "தெனமும் குடுக்கறேன் மேடம்." தினமும் கொள்ளு தின்கிற குழந்தை இப்படி ஆகுமா? பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன். குறிப்பு எழுதும் இடத்தில் 'தாய் சொல்வது நம்பும்படி இல்லை' என்று எழுதினேன். சரோஜா டீச்சர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணு அப்படி இல்லீங்க மேடம்" என்றார். "எனக்குத் தெரியும் டீச்சர்" என்று அவர் வாயை அடைத்தேன்.

2. ஆறரை மணி பஸ்

நாங்கள் வீட்டுக்குப் போவது எப்போதும் பதினோரு மணிக்கு. அதற்குள் அடுப்பு ஆறிப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்திருக்கும். வாயால் கேட்போம், வாயால் சொல்வார்கள், எழுதிக்கொண்டு வருவோம். மறுநாள் நான் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனதும் சமையலைப் பார்க்க இல்லை. அவள் வேலைக்குக் கிளம்பும் முன் பிடித்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வேண்டும் என்றுதான் போனேன்.

பனி இன்னும் விலகவில்லை. வாசலில் நின்று "மஞ்சுளா" என்றேன். "உள்ள வாங்க மேடம், அடுப்புல இருக்கறேன்" என்றாள்.

அடுப்பில் கொள்ளு வெந்துகொண்டிருந்தது, ஒரு கிலோ டப்பா நிறைய இன்னும் பக்கத்தில் இருந்தது. சரி, இருக்கிறதே, அப்புறம் ஏன் குழந்தைக்குப் போடவில்லை என்று உள்ளுக்குள் கேள்வியைத் தீட்டிக்கொண்டேன். அவள் பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தாள். முதல் வடிப்பில் ஒரு டம்ளர் எடுத்துத் தனியாக வைத்தாள். மீதித் தண்ணீரில் மிளகாய், பூண்டு அரைத்து ஊற்றிச் சாறு கொதிக்க வைத்தாள். வடித்த கொள்ளை வெங்காயம் போட்டுத் தாளித்துப் புருஷனின் டிபன் பாக்ஸில் அடைத்தாள். அதற்கு அங்கே பல்யா என்று பெயர். பிறகு அந்த ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் களியைக் கரைத்துப் பவித்ராவை மடியில் போட்டுக்கொண்டு ஊட்டினாள்.

"கொள்ளு எங்க?" என்றேன்.

"இதாங்க மேடம். காரம் போடறதுக்கு முன்னாடியே எடுத்துருவேன். கொழந்தைக்குக் காரம் ஆவாதில்ல."

"இது தண்ணி மஞ்சுளா. பருப்பு?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "பருப்புல என்னாங்க மேடம் இருக்குது? சத்தெல்லாம் தண்ணியிலதான எறங்கிரும். மொத மீட்டிங்ல நீங்கதான சொன்னீங்க, வேக வெச்ச தண்ணியக் கொட்டாதீங்க, சத்து அதுலதான் இருக்குதுன்னு. அதுக்கு முன்னாடி நானு ரெண்டு பருப்பாச்சும் நசுக்கிப் போடுவேன். நீங்க சொன்னப்புறம்தான் தண்ணியா மாத்துனேன்."

அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்தேன்.

சொன்னது நான்தான். எந்த ஊர் மீட்டிங்கிலும் சொல்கிற வரிதான். எங்கள் பக்கத்தில் பருப்பும் தண்ணீரும் பிரிவதே இல்லை, சாம்பார் என்றால் இரண்டும் சேர்ந்து தட்டுக்கு வரும். காய் வேக வைத்த தண்ணீரைச் சாக்கடையில் கொட்டுகிறவர்களை நினைத்துச் சொன்னேன். பருப்பையும் தண்ணீரையும் தனித்தனியாகப் பிரித்து இரண்டு பதார்த்தம் செய்கிற அடுப்பு ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்தக் கூட்டத்தில் நான் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தவள் இவள். இவளைத்தான் பொய் சொல்கிறாள் என்று எழுதி வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

டிபன் பாக்ஸைத் திறக்கச் சொன்னேன். இரண்டு கைப்பிடி கொள்ளை எடுத்து அம்மியில் வெண்ணெய் மாதிரி மசித்தோம். களியில் பிசைந்து ஒரு ஸ்பூன் கடலை எண்ணெய் விட்டோம். பவித்ரா முதல் வாயைத் துப்பினாள். இரண்டாவதையும் துப்பினாள். மூன்றாவதை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தாள், பிறகு முழுங்கினாள். மஞ்சுளா அன்று வேலைக்கு அரை மணி லேட்.

அடுத்த இரண்டு வாரம் சரோஜா டீச்சர் தினமும் காலையில் அந்த வீட்டுக்குப் போய் நின்றார். முட்டையை அவரே உரித்துக் கொடுத்துவிட்டு வந்தார். மஞ்சுளாவின் வீட்டுக்காரர் மட்டும், "என் பாக்ஸ்ல பல்யா கொறஞ்சுபோச்சு" என்று இரண்டு நாள் முணுமுணுத்தாராம்.

3. எடை போடும் நாள்

பதினைந்தாம் நாள் பவித்ராவை மெஷினில் வைத்தோம். நானூறு கிராம் ஏறியிருந்தது. டேப் மஞ்சளுக்கு வந்துவிட்டது. டாக்டருக்கு போன் போட்டேன். "அட்மிஷன் வேணாம், இப்படியே தொடருங்க" என்றார்.  மஞ்சுளா குழந்தைக்குச் சட்டையை மாட்டிவிட்டாள், பொத்தான் போட அவளுக்கு வெகு நேரம் ஆனது.

நான் அவளிடம் ஃபாரத்தைக் காட்டி, என்ன எழுதியிருந்தேன் என்பதைப் படித்துச் சொன்னேன். அந்த வரியை அவள் முன்னாலேயே அடித்தேன். "உம்மேல தப்பு இல்ல மஞ்சுளா, எம்மேலதான்" என்றேன். அவள், "பரவால்ல மேடம், கொழந்தையப் பாக்க வந்தீங்கல்ல" என்றாள். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்று மீட்டிங்குக்காக டீச்சர் கூப்பிட்டிருந்த தாய்மார்கள் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடமும் சொல்லிவிடுவது என்று எழுந்து நின்றேன். தண்ணியில்தான் சத்து என்று நான் சொன்னது தப்பு, பருப்பில்தான் சத்து, அதை மசித்துக் கொடுக்க வேண்டும், என் பேச்சைக் கேட்டு ஒரு குழந்தை இளைத்துப்போனது என்று எல்லாவற்றையும் சொன்னேன். சரோஜா டீச்சர் அதைக் கன்னடத்தில் திருப்பிச் சொன்னார்.

 கடைசி வரிசையில் இடுப்பில் பையனை வைத்திருந்த ஒருத்தி மெதுவாகக் கேட்டாள், "அப்ப நானும் தண்ணிதான் குடுக்கறேன். எம் பையன் எளைச்சிருக்கறதும் அதனாலதானா மேடம்?"

அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் தன் குழந்தையைப் பார்த்தாள். பிறகு இன்னொருத்தி, "நானும்" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாக.

புதிதாக வந்திருக்கிற பெண்களே, என்ன கொடுக்கிறாய் என்று கேட்டுவிட்டு டிக் போடாதீர்கள். அடுப்பு எரியும் நேரத்தில் போய் நில்லுங்கள். அன்று அந்த ஊர் ஃபாரம் கட்டு முழுவதையும் மடியில் வைத்துப் புரட்டினேன். பருப்புக் கட்டத்தில் டிக் இல்லாத ஒரு ஃபாரம்கூட அதில் இல்லை.