கை தட்டி எழுப்பிய ஆந்தை

வண்டலூரில் குடியிருப்பவர்களுக்கு மிருகம் ஒன்றும் பெரிய விஷயமில்லை. விடிகாலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால் சிங்கம் கர்ஜிப்பது கேட்கும். எதிர்வீட்டு நாய்கூடக் கண்டுகொள்ளாது. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர்களை உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப் போவது என் வேலை. கூண்டுக்குக் கூண்டு நின்று, கையை நாலு தட்டு தட்டி, தூங்குகிற மிருகத்தைத் திரும்ப வைத்து, விருந்தாளிக்கு அதன் முகத்தைக் காட்டினால்தான் எனக்கு மனசு ஆறும். கை தட்டக்கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள். நானும் படித்திருக்கிறேன். படித்ததோடு சரி.

என் மனைவி வேறு ரகம். தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருடமாக உயிரியல் நடத்துகிறாள். சாக்பீஸை எடுத்தால் கொம்பன் ஆந்தையை இறகு இறகாகப் போர்டில் வரைந்துவிடுவாள். படத்தைப் பார்த்ததும் பிள்ளைகள் வருடா வருடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்களாம்: "மிஸ், நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?" பார்த்திருக்கிறேன் என்று அடித்துவிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? நானாக இருந்தால் பார்த்த இடம், நேரம் எல்லாம் சேர்த்தே சொல்லியிருப்பேன். அவள் "இன்னும் இல்லப்பா" என்று சொல்லிவிட்டு வருவாள். அன்று சாயங்காலம் முகம் சுண்டிப்போயிருக்கும். கூண்டில் இருக்கிறதே, வா காட்டுகிறேன் என்றால், "அது கணக்குல சேராதுங்க. அது அங்க சும்மா உட்கார்ந்திருக்கு, பொழைக்கல" என்பாள்.

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் நன்மங்கலம் காப்புக்காட்டுக்குள் போக அனுமதி கிடைத்தது. அவளே மனு எழுதி, அவளே அலைந்து வாங்கியது. நான், அவள், ஏழாவது படிக்கும் மகள், வழிகாட்ட ஒரு வனக் காவலர். கீழ்க்கட்டளைப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் காட்டை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். முள்ளும் புதருமாக, யாரோ மனை போடாமல் மறந்துவிட்ட இடம் மாதிரி இருக்கும். இதில் என்ன இருந்துவிடப் போகிறது என்று புளியோதரைப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன்.

முதல் ஒரு மணி நேரத்திலேயே என் வாயை அடைத்துவிட்டாள். நான் வெறும் மண்ணைப் பார்த்த இடத்தில் அவள் கீரியின் கால்தடத்தைப் பார்த்தாள். புதருக்குள் செம்போத்து நகர்வதை அதன் குரலைக் கேட்டே சொன்னாள். முயல் புழுக்கையைக் கண்டு முட்டி போட்டு உட்கார்ந்து, மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். புழுக்கையைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்படுகிற ஒருத்தியோடு இருபது வருடம் குடும்பம் நடத்தியும் அவளை வேலை செய்யும் இடத்தில் பார்த்ததே இல்லையே என்று எனக்கு உறைத்தது. பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

வெயில் ஏறும்போது பழைய கல்குவாரியின் விளிம்புக்கு வந்தோம். கீழே பச்சைத் தண்ணீர், எதிரே செங்குத்தான பாறை. காவலர் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், அந்த வெடிப்புக்குக் கீழ ஒரு திட்டு இருக்குதா? அங்கதான் ஆந்தை கீது."

மகள் பைனாகுலரை வைத்த நொடியில் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்து நான். கல்லோடு கல்லாக ஒரு பழுப்பு உருவம். இரண்டு காதுக் கொம்பு, மூடிய கண். மனைவிக்கு மட்டும் தெரியவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள், கழற்றிவிட்டுப் பார்த்தாள். "வெடிப்பு தெரியுது... திட்டு தெரியுது..." என்று முணுமுணுத்தாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பதினெட்டு வருடம் காத்திருந்தவளுக்கு எதிரேயே இருந்தும் தெரியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கொஞ்சம் அசைந்தால் போதும், பிடித்துக்கொள்வாள்.

பளார் பளார் என்று கையை நாலு தட்டு தட்டிவிட்டேன்.

ஆந்தை கண்ணைத் திறந்தது. அடுத்த கணம் சத்தமே இல்லாமல் பெரிய இறக்கையை விரித்துப் பாறையின் மறுபக்கம் போய்விட்டது. மனைவி அப்போது என்ன சத்தம் என்று என் பக்கம் திரும்பியிருந்தாள்.

"இன்னா சார் நீங்க, படிச்சவரு" என்றார் காவலர். மகள் என்னைப் பார்க்கவே இல்லை. மனைவி மறுபடி பைனாகுலரை எடுத்துக் காலியான திட்டைப் பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தேன்.

"முட்டை இருக்கு. மூணு" என்றாள். "அடைகாத்துட்டிருந்திருக்கு."

குவாரிக்கு மேலே இரண்டு காக்கைகள் வட்டமிட்டன. அவள் சட்டென்று திரும்பி, கீழே வைத்திருந்த பையை எடுத்து என் கையில் திணித்தாள். "கிளம்புங்க. நாம இங்க நிக்கிற வரைக்கும் அது வராது."

"அம்மா, ஒளிஞ்சிருந்து பாக்கலாம். நீ இன்னும் பாக்கவே இல்லையே" என்றாள் மகள், அழுகிற குரலில்.

"காக்கா ஒளிஞ்சிருக்காதுடா கண்ணா. அதுக்குள்ள முட்டையைக் கொத்திடும். நட."

காவலரையும் மகளையும் முன்னால் விட்டு அவள் வேகமாக நடந்தாள். புளியோதரைப் பையோடு நான் கடைசி. பாதை புதருக்குள் திரும்பும் இடத்தில் மனசு கேட்காமல் திரும்பிப் பார்த்தேன். இலைகளின் இடுக்கில் பாறை தெரிந்தது. பெரிய பழுப்பு இறக்கை ஒன்று வந்து இறங்கியது. காக்கைகள் விலகின. ஆந்தை உடம்பை இப்படியும் அப்படியும் அசைத்து முட்டைகளின் மேல் அமர்ந்தது. இந்த முறை வெயில் அதன் மேல் நேராக விழுந்தது. சின்னக் குழந்தைகூடக் கண்டுபிடித்துவிடும்.

என் காலடிச் சத்தம் நின்றதை வைத்தே அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். நாலு அடி முன்னால் நின்றாள். திரும்பவில்லை.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. இங்கிருந்து நல்லாத் தெரியுது. ஒரே ஒரு நிமிஷம், வந்து பாத்துடு."

கழுத்துவரை வந்துவிட்ட ஆசையை அவள் முதுகில் என்னால் பார்க்க முடிந்தது.

"வேணாங்க. ஒரு தடவை எழுப்பினது போதும்" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.