துரை பங்களாப் புல்தரையில் எடுத்த படம்

கப்பலேறி வந்து பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்த காலத்தில் என்னிடம் ஒரு பெட்டிக் கேமரா இருந்தது. வேலை ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி, பைத்தியம் படம் பிடிப்பது. பத்துமலைக் குரங்கு, கிள்ளான் ஆற்றுச் சரக்குப் படகு, பழைய கோட்டை மேடு என்று எதையும் விட்டதில்லை. ஒருமுறை நிலாவைப் பிடித்தேன். கழுவிப் பார்த்தால் கறுப்புத் தாளில் ஒரு சோற்றுப் பருக்கைதான் தெரிந்தது.

அந்தக் கேமராவுக்கு நல்ல வெயில் வேண்டும். நிழலென்றால் அதற்குக் கண் தெரியாது. படத்தை நானே சமையலறையில் மருந்துத் தண்ணீரில் கழுவுவேன். காயும் வரை பொறுக்கிற குணம் எனக்குக் கிடையாது. ஈரத்தோடு எடுத்துப் பார்ப்பதில் எல்லாப் படத்தின் மூலையிலும் என் கட்டைவிரல் ரேகை விழுந்துவிடும். ஊரில் இருந்த தங்கைக்கு அனுப்பிய படங்களிலும் அது இருந்தது. அவளுக்கு எழுத்துத் தெரியாது. அந்த ரேகையைத் தொட்டுப் பார்த்து, "இது அண்ணன் கை" என்று அம்மாவிடம் சொல்வாளாம்.

தெலுக் பங்லிமா காராங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் கங்காணி. தோட்டத்துக்கு ஆள் கட்டிவர அடிக்கடி ஊருக்குப் போய்வருவார். என்மேல் பிரியமாகத்தான் இருந்தார், அல்லது அப்படி நான் நம்பினேன். ஒரு தீபாவளிக்கு என்னைக் கூப்பிட்டு, "நம்ம ஜனங்களை ஒரு படம் புடி தம்பி" என்றார்.

தொழிலாளர்கள் குடியிருந்த லயம் ரப்பர் மரங்களுக்குள் கிடந்தது. பகலிலேயே அங்கே விளக்கு வேண்டும். ஆனால் அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. தீபாவளியன்று எல்லோரும் புதுத்துணி கட்டி, மாலை எடுத்துக்கொண்டு துரை பங்களாவுக்குப் போய்ச் சலாம் போடுவார்கள். தோட்டத்திலேயே வெயில் விழுகிற இடம் பங்களாவுக்கு முன்னாலிருந்த புல்தரைதான். பங்களா பின்னால் தெரிய, குழந்தைகளோடு அவர்களை அங்கேயே நிறுத்திப் பிடித்தேன். அதைவிட நல்ல படம் நான் எடுத்ததில்லை, இன்றைக்கும் சொல்வேன்.

"ஊருக்குப் போறேன், எனக்கு ஒண்ணு குடு. பாத்து சந்தோசப்படட்டும்" என்றார் கங்காணி. கொடுத்தேன்.

சில மாதம் கழித்து, தோட்டத்தை ஒட்டிய காட்டில் இருவாட்சிப் பறவை வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கேமராவோடு போனேன். லயத்து வாசலில் ரப்பர் பால் வாளி கழுவிக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கினாள். என் தங்கை.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா? கப்பலடிக்கு ஏண்ணே வரல?"

நீ எப்படி இங்கே என்று கேட்டேன்.

"நீதானே வரச் சொல்லி விட்டே" என்று உள்ளே போய் அந்தப் படத்தை எடுத்துவந்தாள். மூலையில் என் கட்டைவிரல். "பின்னால தெரியுற இந்த வீட்டை நீ எங்களுக்குப் பாத்து வச்சிருக்கேன்னு கங்காணி சொன்னாரு. அவரு சொன்னதை நம்பலண்ணே, உன் ரேகையைப் பாத்துத்தான் நம்பினேன். மாட்டை வித்துட்டுப் புள்ளைங்களோட வந்தோம். இந்த வீடு எங்கேன்னு கேட்டா எல்லாரும் சிரிக்கிறாங்க."

இருவாட்சியாவது மண்ணாவது. நேராகக் கங்காணி வீட்டுக்குப் போனேன். அதுவரைக்கும்தான் அவர். அதற்கப்புறம் அவன். வெற்றிலை மென்றுகொண்டு நிதானமாகச் சொன்னான்: "கத்தாதே தம்பி. நான் படத்தைக் காட்டினேன், அவ்வளவுதான். அதைப் புடிச்சது நீ. உன் தங்கச்சியை உன் பக்கத்துல கொண்டுவந்து விட்டிருக்கேன், அதுக்கு நன்றி சொல்லு."

நம்பவைத்துக் கழுத்தறுக்கிறவனைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். கத்தியையும் நம் கையாலேயே வாங்கிக்கொள்வான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தங்கையிடம் வந்து, நான் சொல்லிவிடவில்லை, அவன் ஏமாற்றிவிட்டான் என்று அழாத குறையாகச் சொன்னேன். என் குவார்ட்டர்ஸுக்கு வந்துவிடு என்றேன். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த லயத்தை ஏண்ணே புடிக்கல?"

"வெளிச்சம் பத்தாதும்மா."

சத்தியமான பதில்தான். சொன்னதும் எனக்கே கூசியது.

"உன்னை நம்பி ஒரு தடவை வந்தது போதும்" என்று சொல்லி வாளியை எடுத்துக்கொண்டாள்.

அடுத்த தீபாவளிக்கு அவளாக ஆள் விட்டாள், கேமராவோடு வரச் சொல்லி. போனேன். புதுச்சேலையில், புருஷன் பிள்ளைகளோடு அந்தப் புல்தரையில் நின்றிருந்தாள்.

"அம்மாவுக்கு அனுப்பணும். வீடு நல்லாத் தெரியுறாப்ல புடி" என்றாள்.

"வேணாம்மா. இன்னொரு பொய் வேணாம்."

"ஊருக்கெல்லாம் புடிச்சே. எனக்குன்னா மாட்டியா? லயத்தைப் பாத்தா அம்மா தாங்குவாளா?"

கேமராவை வயிற்றோடு அணைத்துக் குனிந்து பார்த்தேன். சிரி என்று நான் சொல்லவில்லை. அவளாகவே சிரித்தாள்.