சுதந்திரத் தொப்பிக்குள் இருந்தவர்

அவரை நான் முதலில் பார்த்தது ஆளுயரச் சிவப்புத் தொப்பியாகத்தான். கனடாவில், ஸ்காபரோவில் நடந்த உதைபந்தாட்டப் போட்டிக்குப் பாரிஸிலிருந்து வந்த தமிழ் அணி, ஆள் உள்ளே புகுந்து ஆடும் தங்கள் மாஸ்கொட் உடுப்பையும் கொண்டுவந்திருந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் சுதந்திரத்தின் அடையாளமாக அணிந்த தொப்பியாம். சனம் அதைச் செத்தல் மிளகாய் என்றே நினைத்தது.

உள்ளே இருந்தவர் இங்கத்தைய ஆள். எந்த அணி கோல் அடித்தாலும் இடுப்பை ஆட்டினார். இடைவேளையில், தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த என்னிடம் ஓடிவந்தார்.

"தங்கச்சி, ஸிப் இறுகிப்போச்சு. அவசரமா ஒண்டுக்குப் போகவேணும்."

பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். வழுக்கைத் தலையும் நரைத்த மீசையுமாக ஒருவர் வியர்வையில் தெப்பமாக வெளியே வந்து, கழிப்பறைக்குப் பறந்தார். திரும்பி வந்ததும் மறுபடி உடுப்புக்குள் காலை விட்டார்.

"ஏன் அண்ணை, இந்த வெயிலுக்கை?"

"வெளியில நிண்டால் எந்த ஊர், எப்ப வந்தனீர், பிக்கரிங்கில வீடு வாங்கிட்டீரோ எண்டு கேப்பினம். உதுக்குள்ள நிண்டால் ஒருத்தரும் ஒண்டும் கேக்கிறேல்லை."

எந்த ஊர் என்று கேட்க நானும் வாயெடுத்திருந்தேன். விழுங்கிக்கொண்டு ஸிப்பை மேலே இழுத்துவிட்டேன். பெயரையாவது கேட்டிருக்கலாமோ என்று இன்னமும் யோசிக்கிறேன்.