சட்டைப் பையில் ஒரு ரெக்கார்டர்

போன திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு சகாயராணி என் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, நான் லேப்டாப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"சார், மனு ரெடியா?"

"ஆச்சும்மா... அஞ்சே நிமிஷம்."

பொய். பச்சைப் பொய். ஒரு வரிகூட எழுதவில்லை.

சகாயராணி பாம்பன் பக்கம் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கிறவர். நாற்பது வயது இருக்கும். தன்னோடு பாசிக்கு வருகிற பெண்களுக்காகக் கலெக்டர் ஆபீஸில் ஒரு மனு கொடுக்க வேண்டும் என்றார். "நீங்க வாயால சொல்லுங்க, நான் ரெக்கார்ட் பண்ணி அப்படியே எழுதித் தர்றேன்" என்று பத்து நாளைக்கு முன்னால் சவடால் விட்டவன் நான்தான்.

எதற்கு மனு? கரையில் உடை மாற்றிக்கொள்ள ஓர் அறை வேண்டும். இவ்வளவுதான் எனக்கு ஞாபகம் இருந்தது. மற்றதெல்லாம்தான் ரெக்கார்டரில் இருக்கிறதே!

அந்த ரெக்கார்டரைப் பற்றி நான் வாராவாரம் எழுதும் இதே பக்கத்தில் எத்தனை தடவை பெருமை அடித்திருக்கிறேன்... கத்தாரிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்தது. பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டது. ஸ்பீக்கர் போய்விட்டது, இயர்போன் தொலைந்துவிட்டது. கம்ப்யூட்டரில் மாட்டினால்தான் கேட்க முடியும். பழைய கம்ப்யூட்டர் இருந்தவரை ஒழுங்காகக் கேட்டது. போன மாதம் புது லேப்டாப் வாங்கினேனா? அன்றைக்குத்தான் முதன்முதலாக மாட்டுகிறேன் — 'இது என்ன கருவி என்று தெரியவில்லை' என்கிறது லேப்டாப். அதற்கான சாஃப்ட்வேர் ஒரு சிடியில் இருக்கிறது. லேப்டாப்பில் சிடி போடும் இடமே இல்லை!

செல்போனிலேயே பதிந்திருக்கலாமே என்கிறீர்களா? சகாயராணியும் பதிந்த அன்றைக்கு அதைத்தான் கேட்டார். "என் போன்லயும் போட்டு வைக்கட்டா சார்?"

"அதெல்லாம் வேணாம்மா. இது பத்திரிகைக்காரங்க வச்சிருக்கிற மிஷின்" என்றேன். எனக்குத் தேவைதான்.

பத்தரை வரை லேப்டாப்போடு மாரடித்துவிட்டு, கடைசியில் ரெக்கார்டரையும் சிடியையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸ் பக்கம் டைப்பிங் சென்டர் வைத்திருக்கும் காதர் பாயிடம் ஓடினோம். பாய் துபாயில் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு வந்தவர். மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை இழுத்துத் தூசி தட்டினார்.

"இது என் கல்யாணத்துக்கு முந்தி வாங்கினது சார். மெதுவாத்தான் எந்திரிக்கும், எந்திரிச்சா வேலை செய்யும்."

அது எழுந்திருக்கவே கால் மணி நேரம். சிடி கரகரவென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. சகாயராணி சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு மணிக்கு மேல் மனு வாங்க மாட்டார்கள். இந்தத் திங்கட்கிழமை போனால் அடுத்த வாரம்தான். இதற்காக ஒருநாள் பாசிக்குப் போகாமல் வந்திருக்கிறார்.

பதினொன்றரைக்கு ஃபைல் திறந்தது. "மாஷா அல்லாஹ்!" என்றார் பாய். எனக்கு உயிர் வந்தது.

"என்ன சார், பதினோரு நிமிஷம்தான் இருக்கு?"

"இருக்காதே பாய், முக்கால் மணி நேரம் பேசினோம்..."

பாய் ஸ்பீக்கரைத் திருகினார். கடையில் மனு எழுத ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வந்தது, என் குரல்.

"சொல்லுங்க சகாயராணி, கூச்சப்படாமச் சொல்லுங்க."

"அடடா!"

"அப்படியா?"

"இதே மாதிரிதான் எனக்கும் ஒருதடவை தனுஷ்கோடியில..." என்று தொடங்கி, நான் கடலில் வேட்டி நனைந்து பட்ட பாட்டை மூன்று நிமிஷம் விலாவாரியாகச் சொல்கிறேன். கடல்பாசி எடுக்கிறவரிடம்!

"அதை விடுங்க, நான் சொல்றேன் கேளுங்க..."

"ம்... ம்... பேஷ்!"

கடைசியில், "ரொம்ப அருமையாச் சொன்னீங்கம்மா. ஒரு வார்த்தை விடாமப் பதிஞ்சாச்சு."

முடிந்தது. கடையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

சகாயராணி என்னைப் பார்த்தார். "இதுல நான் எங்கன சார் இருக்கேன்?"

பாய் ரெக்கார்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சத்தமாப் பேசினா ஓடும், சத்தம் குறைஞ்சா தானா நின்னுக்கும், அந்த செட்டிங்கைப் போட்டு வச்சிருக்கீங்க சார். எங்கன வச்சிருந்தீங்க?"

என் சட்டைப் பையில். மிஷினைப் பார்த்தால் அவர் கூச்சப்படுவார் என்று நானே ஒளித்துவைத்தேன். பேட்டரி மிச்சமாகுமே என்று அந்த செட்டிங்கைப் போட்டவனும் நானே.

சகாயராணி ஏன் மெதுவாகப் பேசினார்? அன்று மாதா கோயிலுக்குப் பின்பக்கம் உட்கார்ந்து சுவரைப் பார்த்தபடி பேசினார். "ஆம்பளை முன்னாடி சொல்ற விஷயமா சார் இது" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தார். சொல்லச் சொல்லக் குரல் இறங்கிக்கொண்டே போனது. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சொன்னது என்ன என்பதுதான் ஞாபகம் இல்லை! மிஷின் கேட்டுக்கொள்ளும் என்ற தைரியத்தில் நான் காதை மூடிவிட்டு அடுத்து என்ன பேசலாம் என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறேன். நாம் எல்லாருமே இப்போது இப்படித்தானோ? பதிவாகிறது என்றால் கேட்பதை நிறுத்திவிடுகிறோம்.

"திரும்பச் சொல்லணுமா?" என்றார். கூனிக் குறுகிப் போனேன்.

"மெதுவாச் சொல்லுங்கம்மா. ஓரமா உக்காந்து நான் எழுதிக்கிறேன்."

"மெதுவாச் சொல்லித்தான சார் போச்சு."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பாயின் மேஜை முன்னால் நின்று, சத்தமாகச் சொன்னார். நனைந்த துணியோடு கரையேறினால் ஒதுங்க இடம் இல்லை. நாலு பேர் சேலையைப் பிடித்து மறைக்க, ஒருத்தர் உள்ளே நின்று மாற்ற வேண்டும். காற்று அடித்தால் சேலை நிற்காது. பாலம் பார்க்க வருகிறவர்கள் போனைத் தூக்கிப் படம் பிடிக்கிறார்கள். அதற்குப் பயந்து ஈரத்தோடே பஸ் ஏறினால், சீட்டு நனைந்துவிடும் என்று நிற்க வைக்கிறார்கள். தொடையெல்லாம் உப்பு அறுத்துப் புண். மாதத்தில் அந்த மூன்று நாள்...

அங்கே ஒரு நொடி நின்றார். அதையும் சொன்னார்.

ஜெராக்ஸ் மிஷினை யாரோ நிறுத்தினார்கள். சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பாய் தானே டைப் அடித்தார். நடுவில் என் வாய் சும்மா இருக்காமல் "அடடா..." என்று ஆரம்பித்தது.

"இருங்க சார், முடிச்சுக்கிறேன்."

ஒன்றேகால் பக்கம் வந்தது. பன்னிரண்டே முக்காலுக்கு வரிசையில் போய் நின்றோம். மனுவைப் படித்த அதிகாரி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து படித்தார். "யாரும்மா எழுதினது? இவரா?"

"நான் சொன்னேன் சார், பாய் அடிச்சாக" என்றார். என்னைத் திரும்பிப் பார்த்து யோசித்தார். "இவுக கூட வந்திருக்காக."

எவ்வளவு பெரிய மனசு!

பஸ் ஸ்டாண்டில் அவரை ஏற்றிவிடப் போனேன். என்ன சொல்வது என்று தெரியாமல், "பாழாப்போன மிஷின்மா, இன்னிக்கே தூக்கிக் குப்பையில போடறேன்" என்றேன்.

பஸ் நகரும்போது ஜன்னல் வழியே தலையை நீட்டினார்.

"போட்டுறாதீக சார். நீங்க கேட்டதை அப்படியே பதிஞ்சு வச்சிருக்கு. அதுல ஒரு கோளாறும் இல்ல."

இந்த வாரக் கட்டுரையை மட்டும் தயவுசெய்து யாரும் வாய்விட்டுப் படிக்காதீர்கள்... என் பேச்சு எனக்கே போதும் போதும் என்றாகிவிட்டது.