டிராவை மறுத்த பாக்கியம் அக்கா

பாக்கியம் அக்கா போய்விட்டார் என்று அவருடைய தம்பி சென்ற வாரம் என் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். அவருடைய ஊரான ரிவியேர் டு ராம்பாரில் அன்று காலையே தகனம் முடிந்திருந்தது. ரிசீவரைப் பிடித்தபடி நின்ற எனக்கு, அவரோடு ஓர் ஆட்டம் பாக்கியிருக்கிறதே என்றுதான் முதலில் தோன்றியது.

மொரீஷியஸின் கியூர்பிப் நகரச் சதுரங்கப் போட்டிகளுக்கு வந்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பாம்ப்ளமூஸ் பக்கம் தாதியாக வேலை பார்த்தவர். நோயில் படுத்திருந்த ஒரு கப்பல்காரரிடம் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். எங்களுக்குள் பேச்செல்லாம் தீவின் க்ரியோல் மொழிதான்; ‘அக்கா’, ‘தம்பி’ மட்டும் தமிழ்.

முதன்முறை பெயர் கொடுக்க வந்தபோது, பெண்களைச் சேர்ப்பதில்லை என்றார் செயலாளர். அக்கா வாதாடவில்லை. “விதியில எங்க இருக்கு, மிசியே? காட்டுங்க, படிச்சிட்டுப் போயிடறேன்” என்றார். செயலாளர் புரட்டிப் பார்த்தார். அப்படி ஒரு விதியே இல்லை. அக்கா நனைந்த குடையை மூலையில் சாத்திவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

தீவின் சுதந்திரத்துக்குச் சில ஆண்டுகள் முன்பு ஒரு போட்டியின் கடைசிச் சுற்று. நான் என் ஆட்டத்தை வென்றுவிட்டுக் காத்திருந்தேன். அக்கா டிரா செய்தாலே கோப்பை அவருக்கு, தோற்றால் எனக்கு. அவருக்கு எதிரே ஊரில் பெயர் பெற்ற ஒரு வழக்கறிஞர். அதுவரை அக்காவைக் கண்டால் தலைகூட அசைக்காதவர், அன்று தாமே டிரா கேட்டார். ஆட்டம் முடிந்தது என்றே அறையில் எல்லோரும் நினைத்தோம். அக்கா பலகையை நெடுநேரம் பார்த்தார். பிறகு, வேண்டாம் என்று தலையசைத்து யானையைப் பலி கொடுத்தார். அரைமணியில் தோற்றார்.

எனக்குக் கோப்பை கொடுத்தபோது அவர் பலகையை விட்டு எழவில்லை. கையில் ஒரு குதிரையை வைத்துக்கொண்டே கைதட்டினார். நான் அருகில் போய், ஏன் அக்கா இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

“அதுல ஜெயிக்க வழி இருக்குன்னு தெரிஞ்சுது தம்பி. எதுன்னுதான் தெரியல. தெரியாமலே கைகுலுக்கிட்டுப் போனா, எனக்குத் தூக்கம் வராது.”

வழக்கறிஞர் கோட்டைக் கழற்றிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். இருவரும் காய்களை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார்கள். கடைசியில் வழக்கறிஞர்தான் கண்டுபிடித்தார்: ராஜாவை முதலில் ஒரு கட்டம் ஒதுக்கியிருந்தால் அக்கா ஜெயித்திருப்பார். அதைக் கண்டதும் அக்கா வாய்விட்டுச் சிரித்தார். கோப்பை வாங்கிய நான் அப்படிச் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகும் அந்தக் கோப்பை அவருக்குக் கிடைக்கவில்லை. அதை அவர் ஒரு குறையாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வழக்கறிஞர் மட்டும் மழைக்கால ஞாயிறுகளில் அவரோடு ஆட ரிவியேர் டு ராம்பார் வரை போய்வந்தார்.

முன்பெல்லாம் தோற்றால் யார் முகத்தையும் பாராமல் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். இப்போது ஓடுவதில்லை. ஜெயித்தவரை உட்காரச் சொல்லி, எந்த இடத்தில் தவறினேன் என்று கேட்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு வந்தது அது.